காற்றாலையின் நான்காவது கால்

என் அப்பா ஜெயரட்ணம் ஒரு தோட்டக்காரர். பகலில் கார் செய்கிற தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்திப் பூட்டுகிறார் என்பது உண்மைதான். ஆனால் கதவு பூட்டுகிறவர் என்று அவரை நீங்கள் சொல்லிவிட முடியாது. போன சரஸ்வதி பூசைக்கு மெல்பேர்ணில் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் தமிழ்ச் சனம் எல்லாம் கூடியிருந்தபோது, புதிதாக வந்த டொக்டர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?"

"தோட்டம் செய்யிறன்" என்றார் அப்பா.

"ஓ, வீக்கெண்டிலையோ? நல்லது, நல்லது. நானும் ரெண்டு ரோஸ் வைச்சிருக்கிறன்."

அப்பா தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாவும் நானும் வடையைப் பாதியில் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினோம். டொக்டர் இன்னும் தான் என்ன பிழை சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அப்பா இன்னும் அந்த ரோஸை நினைத்து மூக்கு விடைக்கிறார். நான் அந்த வடையை நினைத்துத்தான் கோபப்படுகிறேன். நல்ல வடை.

அப்பா பிறந்தது யாழ்ப்பாணத்து உரும்பிராயில். வெங்காயமும் புகையிலையும் போடுகிற குடும்பம். ஆறு ஆண்பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்தான் வரும் என்பதால், மீசை முளைத்த கையோடு கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டப் போனார். அரசாங்கம் காட்டைக் கொடுத்தது. காட்டோடு பாம்பும் காய்ச்சலும் சும்மா வந்தன. வயலை அவரே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே அவர் வெட்டிய மரங்களைப் பற்றி எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வந்தபோது வெட்டுவதற்கு ஒரு மரம்கூட இல்லை. அதுவும் ஒரு கோபம்.

எங்களை இங்கே கூப்பிட்டது அம்மாவின் அண்ணன் விக்னராஜா மாமா. அவர் நில அளவையாளர், எங்கள் சனத்தின் வாயில் சேவையர். வெள்ளையரல்லாதவர்களுக்கும் இந்த நாட்டின் கதவு கொஞ்சம் திறந்த உடனேயே காலை உள்ளே வைத்தவர். மெல்பேர்ணுக்கு மேற்கே ரொக்பாங்க் சமவெளியில் இருபது ஏக்கர் மலிவாக வருகிறது, சேர்ந்து வாங்குவோம், ஒருநாள் நகரம் இந்தப் பக்கம் நடந்து வரும் என்றார். அப்பாவுக்கு நகரம் நடந்தாலென்ன, தவழ்ந்தாலென்ன. மண் என்ற சொல் ஒன்றுதான் காதில் விழுந்தது. ஆளுக்குப் பத்து ஏக்கர். மாமாவின் பங்கில் பழைய பலகை வீடும், அதற்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற ஒரு காற்றாலையும் அந்தத் தண்ணீர் நிரம்புகிற உயரமான தகரத் தாங்கியும் இருந்தன. எங்கள் பங்கில் கல் இருந்தது.

எங்கு பார்த்தாலும் கறுப்புக் கல். யாரோ விதைத்துவிட்டு அறுவடைக்கு வராமல் போனதுபோல. கல்லுக்கு இடையில் புல், புல்லுக்கு மேலே காற்று. காற்று அடித்தால் அம்மாவின் சேலை அயல்வீட்டு வேலியில்தான் காயும். அப்பா கல்லைப் பொறுக்கிக் குவித்து, நடுவில் அஸ்பெஸ்டஸ் தகட்டு வீடு ஒன்று கட்டினார். குளிர்காலத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர், வெளியே வெளிச்சம் மட்டும் கூட. கழிப்பறை வீட்டிலிருந்து தள்ளி இருந்தது. வழியில் புலிப்பாம்பு படுத்திருக்கும். இந்த நாட்டுக்கு வந்து முன்னேறிவிட்டோம் என்று ஊருக்குக் கடிதம் எழுதுகிற ஆட்களை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

அயலில் கெவின் என்ற வெள்ளைக்காரர் செம்மறி வளர்க்கிறார். தமிழில் காலை வணக்கம் எப்படிச் சொல்வது என்று வந்த புதிதில் என்னைக் கேட்டார். "விசர்" என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் வேலிக்கு அப்பாலிருந்து தொப்பியைத் தூக்கி "விசர், ஜெய்!" என்கிறார். கெவினின் இங்கிலீசு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு அப்பாவும் "ஓம், ஓம்" என்று கையை உயர்த்துகிறார். தன்னைப் பைத்தியம் என்றதற்கு அவர் கோபப்படாத ஒரே ஆள் கெவின்தான்.

அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை. சின்ன வெங்காயத்தில் ஒரு போகம் ஒழுங்காக எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தொழிற்சாலையை விட்டுவிடலாம். வெரிபியில் ஒரு இத்தாலியத் தோட்டக்காரரிடம் நட்பாகி விதைவெங்காயம் வாங்கி வந்தார். முதல் போகத்தைப் பனி தின்றது. இரண்டாவதைக் கெவினின் செம்மறிகள் தின்றன. அதற்குப் பிறகு அம்மா அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினாள். மூன்றாவதும் போனால் நிலத்தை விற்றுவிட்டுத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பஸ் ஓடுகிற தெருவில் ஒரு வீட்டுக்குப் போவது என்று.

என் அம்மா பவளம் கத்த மாட்டாள். கோபம் வந்தால் குசினியில் சட்டிகள் கத்தும். அந்த வாக்கு வாங்கிய இரவு ஒரு சட்டிகூடச் சத்தம் போடவில்லை. அதனால்தான் அவள் உண்மையாகவே சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

சண்டை மாமாவின் பிறந்தநாளில் தொடங்கியது. மாமாவுக்கு அன்று ஒரு பொழுதுபோக்குத் தேவைப்பட்டது. அலுவலகத்திலிருந்து முக்காலியும் அளக்கிற கருவியும் கொண்டுவந்து, வந்த விருந்தாளிகளுக்கு வித்தை காட்டுவதுபோல எங்கள் இரண்டு காணிக்கும் நடுவே எல்லை பிடித்தார். ஆப்பு அடித்துக் கயிறு கட்டினார். கயிறு நேரே போய்க் காற்றாலைக்குள் புகுந்தது. அதன் நான்கு கால்களில் மூன்று மாமாவின் பக்கம். ஒன்று எங்கள் பக்கம்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"அப்ப கால்வாசித் தண்ணி எனக்கு உரித்து, மச்சான்."

மாமா கையில் பியர் போத்தல். "ஓம் மச்சான், உன்ரை காலை வெட்டிக்கொண்டு போ. மிச்சத்திலை நான் குளிக்கிறன்."

இதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதுவரை இரண்டு வருடமாக அந்தக் காற்றாலைத் தண்ணீரைத்தான் நாங்களும் குடித்தோம், அப்பாவும் இறைத்தார். யாரும் யாரையும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான், பியர் குடித்த ஒரு வாயால், அது இன்னொருவன் தண்ணீர் ஆனது.

மறுநாள் அப்பா வேலி அடைக்கத் தொடங்கினார். சமவெளியில் வேலி என்றால் நான்கு கம்பி. அந்தப் பக்கம் நிற்கிற செம்மறியின் முகபாவம்கூட இந்தப் பக்கம் தெரியும். அப்பாவுக்கு அது வேலியில்லை. பழைய கூரைத்தகரம் ஏற்றிவந்து, ஆள் உயரத்துக்கு, ஊசி போக இடமில்லாமல் அடைத்தார். யாழ்ப்பாணத்து வேலிச் சண்டை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் அடுத்தவன் காணிக்குள் ஒரு விரல் தள்ளி நடுவார்கள். அந்த ஒரு விரலுக்காகக் கோர்ட்டுக்குப் போய் இரண்டு காணியையும் விற்பார்கள். என் அப்பா உலகத்திலேயே முதல் ஆளாக வேலியைத் தன் காணிக்குள் ஒரு அடி தள்ளிப் போட்டார். அந்த நான்காவது காலும் அவனுக்கே போகட்டும் என்று.

அதோடு பொட்டையும் அடைத்தார். ஊரில் சொந்தக்காரர்களின் வளவுகளுக்கு நடுவே வேலியில் ஒரு ஆள் குனிந்து போகிற இடைவெளி இருக்கும். அதுதான் பொட்டு. பெண்கள் கறிக்கிண்ணத்தோடு போய்வருகிற வழி அது. இங்கே கம்பி வேலியாக இருந்தபோதும் அம்மாவும் மாமாவின் மனைவி யோகராணி மாமியும் இரண்டு கம்பிகளை வளைத்து ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டை அடைப்பது என்றால் செத்தவீட்டுக்கும் வரமாட்டேன் என்று அர்த்தம். வருவதற்கு இந்தச் சமவெளியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அப்பா தகரத்தில் இன்னும் இரண்டு ஆணி அடித்தார்.

கூரையில் பிடிக்கிற மழைத்தண்ணீர் எங்களுக்குக் குடிக்க மட்டும்தான் போதும் என்பதால், அப்பா கிணறு வெட்டத் தொடங்கினார்.

சொந்தக் கிணறு. கையால். உரும்பிராயில் எப்படி வெட்டுவார்களோ அப்படி. அங்கே சுண்ணாம்புக் கல். வெடி வைத்து உடைத்து இறங்கினால் கீழே நல்ல தண்ணீர் காத்திருக்கும். அந்த நம்பிக்கையோடு எரிமலை கக்கிய கறுங்கல்லில் கனத்த இரும்பு அலவாங்கால் குத்தினார். அலவாங்கு வளைந்தது. குளிர்காலம் முழுக்க, வேலையால் வந்து இருட்டும் வரையும் வெட்டினார். கெவின் பாறை உடைக்கிற வெடி கொண்டுவந்து உதவினார். ஆழ்துளை போட மெஷின் இருக்கிறதே, ஏன் இப்படி என்று கெவின் கேட்டார். "மெஷின் எல்லாம் சேவையர்மாருக்கு" என்று அப்பா தமிழில் சொன்னார். கெவின் குழிக்குள் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, "விசர், ஜெய்" என்றார். அந்த ஒரு தடவை அவர் சரியாகத்தான் சொன்னார்.

வசந்தம் தொடங்கும்போது தண்ணீர் வந்தது. அப்பா கையில் ஏந்தி வாயில் விட்டார். துப்பவில்லை. விழுங்கினார்.

"கொஞ்சம் உவர்தான். இறைக்க இறைக்க நல்லா வரும்."

நானும் குடித்துப் பார்த்தேன். கடலையே குடித்திருக்கலாம்.

அவர் அந்தத் தண்ணீரில் மூன்றாம் போகத்தை நட்டார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பாத்தி, நடுவில் வாய்க்கால், கோடு போட்டது போல. வெங்காயம் முளைத்தது. முளைத்து நுனி கருகியது. ஒரு மாலை நான் பின்னால் போனபோது, அப்பா பாத்திக்கு நடுவே குந்தியிருந்து காற்சட்டைப் பையிலிருந்து எடுத்த கைலேஞ்சியால் ஒவ்வொரு வெங்காயத் தாளாகப் பிடித்து, அதில் படிந்திருந்த வெள்ளை உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து ஏக்கரில் ஒரு மனிதன், கைலேஞ்சியால். வேலிக்கு அந்தப் பக்கம் காற்றாலை கடகடவென்று சுற்றி, தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த எரிச்சலுக்கு யாரையாவது கடித்திருப்பேன்.

அப்போது எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தலைமை ஆசிரியையின் காருக்குள் ஒரு செம்மறிக்குட்டியை ஏற்றிவிட்டதற்காக என்னை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் முடிந்ததும் அவர்கள் கூப்பிடவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அதனால் பகலில் எனக்கு நிறைய நேரம் இருந்தது. அப்பா தொழிற்சாலைக்குப் போனதும் ஒரு தகரத்தின் அடி ஆணிகளைக் கழற்றி, வளைத்துத் தலையை உள்ளே விட்டேன். யோகராணி மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி."

"ஐயோ! ஆரது? தகரம் கதைக்குதே?"

"நான்தான், கமலி. உங்கடை தாங்கிப் பைப்பிலை ஒரு ஹோஸ் பூட்டித் தாறியளே?"

மாமி கொடியில் கிடந்த மாமாவின் காற்சட்டைக்குப் பின்னால் நின்று யோசித்தாள். "எங்கை விடப்போறாய்?"

"எங்கடை கிணத்துக்குள்ளை."

"கொப்பர் கண்டாரெண்டால் என்னையும் சேர்த்துக் கிணத்துக்குள்ளை தள்ளுவார்."

"அந்தத் தண்ணிக்குள்ளை தள்ளினால் நீங்கள் சாகமாட்டியள் மாமி. ஊறுகாய் ஆகிடுவியள்."

மாமி சிரிக்கக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. ஹோஸைத் தேடி எடுத்து வந்தாள். "மாமாவுக்கு மூச்சு விடாதை. அந்த மனுசனுக்கும் உன்ரை கொப்பருக்கும் ஒரே தலை. கழுத்து மட்டும்தான் வேறை."

அப்பா பொறுக்கிக் குவித்த கற்குவியல் வேலியிலிருந்து கிணறு வரைக்கும் நீண்டு கிடந்தது. ஹோஸை அந்தக் கற்களுக்குள் புதைத்துக் கிணற்றுக்குள் இறக்கினேன். அப்பா வேலைக்குப் போனதும் மாமி திறப்பாள், அவர் கார் வருகிற புழுதி தூரத்தில் தெரிந்ததும் மூடுவாள். நல்ல தண்ணீர் உவர்த்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அப்பா பம்பைப் போட்டு மேல்தண்ணீரைத்தான் இறைப்பார். வேலை அவ்வளவு சுகம்.

கொஞ்ச நாளில் ஒரு மாலை கிணற்றடியிலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"பவளம்! இஞ்சை ஓடி வா! ஊத்துக்கண் திறந்திட்டுது!"

அம்மா போய் ஒரு மிடறு குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருடம் அந்தத் தாங்கியின் துருவாசத்தோடு தேத்தண்ணி ஊற்றியவள் அவள். கண்ணை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஓம். நல்ல தண்ணி" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்பாவை எங்களால் தாங்க முடியவில்லை. கெவினைக் கூட்டிவந்து குடிக்க வைத்தார். தொழிற்சாலையில் கிரேக்கர், துருக்கர் எல்லாருக்கும் சொன்னார். தகரத்துக்கு முன்னால் நின்று, அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று, "கால் வேணுமாம் கால்! ஆருக்கு வேணும் உங்கடை கால்!" என்றார். அந்தப் பக்கம் மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். வெங்காயத் தாள் கரும்பச்சையாக முழங்கால் உயரத்துக்கு வந்தது. அப்பா விசில் அடித்தார். அதற்கு முன் அவர் விசிலடித்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. சரி, இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தைப்பொங்கலுக்குக் கிளென் வேவர்லியில் டொக்டர் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அப்பா ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோனார். நேரே டொக்டரிடம் போய்க் கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்.

"குடிச்சுப் பாருங்கோ. ரோஸுக்கு விடுற தண்ணி இல்லை, இது தோட்டக்காரன்ரை தண்ணி."

டொக்டர் குடித்து, பயந்துபோய், அமிர்தம் என்றார். பக்கத்தில் நின்ற மாமா மிச்சத்தை வாங்கிக் குடித்தார். இரண்டு பேரும் பேசி எட்டு மாதம். மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நாக்கைச் சப்பினார்.

"இரும்பு வாசம் அடிக்குது" என்று டொக்டரிடம் சொன்னார்.

"கையாலை வெட்டின கிணறு அப்பிடித்தான் மணக்குமெண்டு சொல்லுங்கோ" என்று அப்பாவும் டொக்டரிடமே சொன்னார். "முக்காலி வைச்சு அளந்தால் விளங்காது."

டொக்டர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். மாமியும் அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் பொங்கலுக்குள் தலையைக் கவிழ்த்தோம்.

அந்த வாரம் காற்று நின்றது. இந்தச் சமவெளியில் காற்று நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். வெயில் தகரத்தில் ஏறிப் பொரிந்தது. காற்றாலை அசையாமல் நின்றது. வெங்காயம் கிழங்கு பருக்கிற நேரம், தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது. தாங்கி காலியாகிக்கொண்டு வருகிறது, நிறுத்துவோம் என்று மாமி தகரத்தின் அடியால் சொன்னாள். இன்னும் ஒரு நாள் மாமி, நாளைக்குக் காற்று வரும் என்றேன். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா வேலையால் வந்து இறைத்தார். வாயில் விட்டுப் பார்த்தார். உவர். ஊற்றுக்கண்ணில் கல் விழுந்து அடைத்துவிட்டது என்று முடிவு செய்து, கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறங்கினார். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் மாமா குளித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சவுக்காரம் போட்ட பிறகு தண்ணீர் நின்றுவிட்டது. துவாயைக் கட்டிக்கொண்டு தாங்கியைப் பார்க்க வெளியே வந்தார்.

பிறகு நடந்ததை நான் கற்குவியலுக்கு மேலே நின்று பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து அப்பா ஹோஸின் ஒரு நுனியைக் கையில் பிடித்தபடி ஏறி வந்தார். இது எங்கே போகிறது என்று இழுத்தார். கற்களுக்குள்ளிருந்து பாம்பு மாதிரி கிளம்பிக் கிளம்பி வந்தது. அந்தப் பக்கம் மாமா தன் தாங்கியில் முளைத்திருந்த ஹோஸைக் கண்டு, இது எங்கே போகிறது என்று அவரும் இழுத்தார். ஹோஸ் தகரத்தில் இறுகியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். எதிரே மனிதன் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

வேறொரு நாள் என்றால் நான் சிரித்துச் செத்திருப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரிப்பு வரவில்லை.

தகரம் பிய்ந்து ஆடியது. அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமாவின் நெற்றியில் நுரை வழிந்தது.

"தண்ணிக் கள்ளன்!" என்றார் மாமா.

"ஆரடா கள்ளன்? உன்ரை தண்ணியிலை நான் கால் கழுவவும் மாட்டன்!"

"அப்ப எட்டு ஊருக்குப் போத்தல்லை கொண்டு திரிஞ்சது என்ன? என்ரை தண்ணியை எனக்கே குடிக்கத் தந்தியே, வெக்கங்கெட்டவனே!"

அப்பா மண்வெட்டியை எடுத்தார். மாமி கத்தினாள். அப்பா ஹோஸை இரண்டாக வெட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்துத் தோளைச் சுருக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"எத்தினை நாளா?"

"வெங்காயம் கருகின நாளிலையிருந்து."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

நான் குசினிப் பக்கம் திரும்பினேன். குசினிக் கதவடியில் நின்ற அம்மா, "தெரியும்" என்றாள்.

அப்பா வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கிணறு வெட்டின மனிதர் அந்த வாளியில் ஒரு சின்னப் பொடியன் அளவுக்குத் தெரிந்தார். எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்னும் யார்மீது வைப்பது என்று தெரியவில்லை.

"வெங்காயம் கேட்டதே அப்பா, இது ஆரின்ரை தண்ணியெண்டு?" என்று கத்தினேன். "உங்கள் ரெண்டு பேருக்கும்தான் பேர் எழுதின தண்ணி வேணும்!"



அன்றிரவு காற்று வந்தது. சனிக்கிழமை விடியும்போது காற்றாலை வெறிபிடித்ததுபோலச் சுற்றியது. மதியத்துக்குத் தாங்கி நிரம்பி வழிந்தது. தண்ணீர் சும்மா புல்லில் ஓடியது. வேலிக்கு இந்தப் பக்கம் வெங்காயத் தாள்கள் தலை சாய்ந்து கிடந்தன. அப்பா அதே வாளியில், காற்றாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கு வழிகிற சத்தம் கேட்டது. காது சிவந்திருந்தது.

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தாள். அலவாங்கை எடுத்தாள். வளைந்ததுதான், ஆனாலும் போதும். தகரத்துக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு. பொட்டு இருந்த அதே இடம். தகரம் ஒப்பாரி வைத்துக்கொண்டு விழுந்தது. அம்மா இரண்டு வாளியோடு அந்தப் பக்கம் போய், தாங்கியடியில் நிரப்பிக்கொண்டு வந்து வாய்க்காலில் ஊற்றினாள். மாமி இன்னும் இரண்டு வாளியோடு பின்னால் வந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் நிலத்தை விக்கச் சொன்னது வெங்காயம் செத்தால்" என்றாள் அம்மா. "நீங்கள் கொன்றால் எண்டு நான் சொல்லேல்லை."

அப்பா திரும்பவில்லை. அம்மா ஊற்றிய தண்ணீர் வாய்க்காலில் ஓடி, மறிக்காத இடத்தால் உடைத்துக்கொண்டு, முட்செடிக்குப் பாய்ந்தது. அம்மா அடுத்த வாளியையும் அங்கேயே ஊற்றினாள். மூன்றாவதையும்.

அப்பாவின் தலை கொஞ்சம் திரும்பியது. நான்காவது வாளியும் முட்செடிக்கே போனது.

"அங்கை இல்லையடி!" என்று பாய்ந்து எழும்பினார். "உடைஞ்ச வாயை மறி! கடைசிப் பாத்தியை முதல் திற!"

"எனக்கென்ன தெரியும்? நான் தோட்டக்காரியே?" அம்மா அடுத்ததையும் முட்செடிக்கு ஊற்றினாள்.

அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கினார். ஒரு வெட்டில் உடைப்பை மறித்தார். மறு வெட்டில் பாத்தி வாயைத் திறந்தார். தண்ணீர் அவர் சொன்ன பக்கம் திரும்பியது. அதைக் கண்ட பிறகு அவரால் ஏற முடியாது. தண்ணீர் பிழையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவர் உடம்புக்குத் தெரியாது.

மாமா வெளியே வந்தார். கொஞ்ச நேரம் காற்றாலையின் கீழே நின்றார். பிறகு தாங்கியின் கீழ்ப்பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, சப்பாத்துக் காலால் மண்ணைக் கீறிப் பொட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் இழுத்தார். அது குடிகாரன் நடந்த பாதை மாதிரி வந்தது.

"சேவையராம் சேவையர்!" அப்பா இந்தப் பக்கமிருந்து கத்தினார். "ஒரு வாய்க்கால் நேரா இழுக்கத் தெரியாது!"

"உன்ரை வேலி மட்டும் நேரோ? ஒரு அடி உள்ளுக்கை கிடக்கு, விசரா!"

"அது நான் விட்டுத் தந்தது!"

"உன்னை ஆர் கேட்டது?"

தூரத்தில் கெவின் தொப்பியைத் தூக்கி "விசர், ஜெய்!" என்றார். அப்பா, மாமா இரண்டு பேரும் "ஓம்!" என்று கத்தினார்கள்.

பாதி வெங்காயம் தப்பியது. கிழங்கு சின்னது, ஆனால் காரம் மூக்கில் ஏறும். அப்பா பிடி பிடியாகக் கட்டி வீடு முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார். என் கட்டிலுக்கு மேலேயும். டொக்டருக்கு ஒரு பிடி போனது. அம்மா பஸ் ஓடுகிற தெருவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா இன்னும் தொழிற்சாலைக்குத்தான் போகிறார். அடுத்த போகம் பார்க்கலாம் என்கிறார். கிணற்றுக்கு மூடி போட்டிருக்கிறார், மண் போட்டுத் தூர்க்கவில்லை. இன்னும் இறைத்தால் நல்லா வரும் என்று அவருக்குள் ஒரு எண்ணம். அதைக் கேட்டால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும்.

விழுந்த தகரத்தை அவர் திரும்ப அடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, என்னிடமும் இல்லை, மாமாவிடமும் இல்லை. ஒரு நாள் தொழிற்சாலையில் கீறல் விழுந்து ஒதுக்கிய ஒரு கார்க் கதவைக் கூரையில் கட்டிக்கொண்டு வந்து, பொட்டில் இரண்டு மரக்குற்றி நாட்டி, பிணைச்சல் போட்டுப் பூட்டினார். நீலக் கதவு. அத்தனை பெரிய தகர வேலியில் ஒரு நீலக் கார்க் கதவு. கைபிடி இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்கும். மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தியிருக்கிறது. அவர் கதவு பூட்டுகிறவர் இல்லை என்பதை நான் மறக்கவில்லை.

கண்ணாடியும் ஏறி இறங்கும். இப்போது பின்னேரங்களில் அப்பா இந்தப் பக்கமும் மாமா அந்தப் பக்கமும் நின்று, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, அந்த நான்காவது கால் யாருடையது என்று சண்டை பிடிக்கிறார்கள்.